மன்சியில் செய்த பெட்டி

இது கொஞ்சம் நீளமான பதிவு. எழுதுகிறவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் கார் தெரியாதவர்கள் பயப்படாமல் படிக்கலாம்; தெரிந்தவர்கள் தப்பு இருந்தால் திருத்தலாம்.

2022 கோடையில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம், டெட்ராய்ட்டுக்கு வடக்கே டிராய் என்ற ஊர். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேத்தி கோடை முகாமுக்குப் போய்விடுவாள். அப்புறம் எனக்கு நடை ஒன்றுதான் வேலை. மூன்றாவது வீட்டு கராஜ் எப்போதும் திறந்தே இருக்கும். உள்ளே கரும்பச்சை நிறத்தில் ஒரு பெரிய பழைய கார், நான்கு இரும்புக் கால்கள் மேல் தூக்கி நிறுத்தியிருக்கும். அதன் அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் கால்களுக்கு மட்டும் வணக்கம் சொல்லிவிட்டு நடந்தேன். எட்டாம் நாள் ஆள் வெளியே வந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர், கார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

அது 1969-ஆம் வருஷத்து ஷெவ்ரலே ஷெவெல் எஸ்எஸ் 396. அவருடைய அப்பா புதிதாக வாங்கியது. அவர் அப்போது 16 வயதுப் பையன். அதன் கியர் பாக்ஸைக் கழற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"கெட்டுப்போய்விட்டதா?"

"இல்லை. நன்றாக இருக்கிறது."

"பிறகு ஏன்?"

அதற்கு அவர் சொன்ன பதில் மூன்று வாரம் ஓடியது. அவர் சொன்னதும், மகள் வீட்டு நூலக அட்டையை வைத்துக்கொண்டு நான் தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் அந்தக் கார் எந்த ஜாதி என்று சொல்லவேண்டும். அமெரிக்காவில் இதை 'மஸில் கார்' என்கிறார்கள். நடுத்தர அளவுக் குடும்பக் காரின் உடம்பு, அதற்குள் மிகப் பெரிய காரின் எஞ்சின், இளைஞர்கள் கடன் வாங்கியாவது வாங்கக்கூடிய விலை. இதை வழக்கமாக 1964-இன் பான்டியாக் ஜிடிஓவிலிருந்து தொடங்குவார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை அந்த அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று விதி வைத்திருந்தது. பான்டியாக் பிரிவில் இருந்த ஜான் டெலோரியனும் கூட்டாளிகளும் விதியை நேராக மீறவில்லை. புது மாடல் என்று சொன்னால்தானே மேலிடம் பார்க்கும்? பழைய மாடலுக்கு 'விருப்பத் தேர்வு' என்ற பெயரில் 389 கன அங்குல எஞ்சினை வைத்து விற்றுவிட்டார்கள். முதல் வருஷமே 32,000-க்கு மேல் விற்றது. அப்புறம் விதியாவது ஒன்றாவது.

389 கன அங்குலம் என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட 6,375 சிசி, எட்டு சிலிண்டர். நம் மாருதி 800-இன் முழு எஞ்சினும் 796 சிசிதான். அதாவது அந்தக் காரின் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு மாருதி!

எஞ்சினைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கியர் பாக்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் அந்தக் காலத்து அமெரிக்கப் பையனுக்கு அதுதான் கௌரவம். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலிலேயே தானியங்கி கியர் வந்துவிட்டது. ஐம்பதுகளில் அப்பாமார்கள் எல்லாம் கிளட்சை மறந்துகொண்டிருந்தார்கள். கையால் போடும் கியர் இருந்தாலும் மூன்றுதான். அதுவும் நம் பழைய அம்பாசடர் மாதிரி ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு குச்சி. 1957-இல் கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்குப் போர்க்-வார்னர் கம்பெனி செய்த நான்கு கியர் பெட்டி வந்தது, தரையிலிருந்து எழும் குச்சியோடு. 'தரையில் நாலு' என்பது இளைஞர்களின் மந்திரம் ஆனது. 1964-இல் ஓல்ட்ஸ்மொபைல் விட்ட ஒரு காருக்குப் பெயரே 4-4-2. நான்கு வாய் கார்புரேட்டர், நான்கு கியர், இரண்டு புகைக்குழாய். கியரின் எண்ணிக்கையைக் காரின் நெற்றியில் எழுதி விற்ற காலம் அது. (அடுத்த வருஷமே தானியங்கி கியரும் கொடுக்கத் தொடங்கியதால், முதல் நாலுக்கு வேறு அர்த்தம் சொன்னார்கள். விளம்பரக்காரர்களுக்கு அர்த்தம் சொல்லவா தெரியாது!)

இனி ஊர்ப்பெயர் ஒன்று வருகிறது. வரலாற்று வாத்தியாரான எனக்குத் தூக்கிவாரிப்போட்ட இடம் இது.

1963-இலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் நான்கு கியர் பெட்டியைத் தானே செய்யத் தொடங்கியது. செய்த இடம் இந்தியானா மாநிலத்தில் மன்சி என்ற நடுத்தர நகரம். பெட்டிக்கும் 'மன்சி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதற்கு முன் கார்வெட்டுக்குப் பெட்டி கொடுத்த போர்க்-வார்னரின் வார்னர் கியர் ஆலையும் அதே ஊர்தான். 1901-இல் அங்கே தொடங்கிய கம்பெனி. இந்த மன்சியை நான் வேறு பெயரில் படித்திருக்கிறேன். ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் என்ற தம்பதி 1929-இல் 'மிடில்டவுன்' என்று ஒரு சமூக ஆய்வு நூல் வெளியிட்டார்கள். சாதாரண அமெரிக்க ஊர் எப்படி வாழ்கிறது, கார் வந்ததும் குடும்பமும் ஞாயிற்றுக்கிழமைச் சர்ச்சும் எப்படி மாறின என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். அவர்கள் பெயரை மறைத்து எழுதிய ஊர் மன்சிதான். இதை நான் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அவரிடம் சொன்னேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "நான் பிறந்த ஊர் அது. என் அப்பா அந்த கியர் ஆலையில்தான் வேலை பார்த்தார்" என்றார்.

கழற்றி இறக்கிய பெட்டியை மேசை மேல் வைத்திருந்தார். அலுமினிய உடம்பு. பக்கவாட்டில் எழுத்தும் எண்ணும் கலந்து குத்தியிருந்தது. டார்ச் அடித்துப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். முதலில் 'பி', மன்சியில் செய்த பெட்டி. 9 என்றால் 1969. அடுத்து 'டி', நான்காவது எழுத்து, ஏப்ரல். 17, தேதி. கடைசியில் 'ஏ', அகன்ற விகிதம் கொண்ட வகை. 1969 ஏப்ரல் 17. நம்மூரில் கல்வெட்டு படிக்க மாணவர்களைக் கூட்டிப்போன ஞாபகம் வந்தது. ஆட்சியாண்டைப் படித்ததும் பிள்ளைகள் முகம் மாறுமே, அப்படி என் முகமும் மாறியிருக்க வேண்டும். "அன்று உங்கள் அப்பா வேலைக்குப் போயிருப்பாரா?" என்று கேட்டேன். "வியாழக்கிழமை. போயிருப்பார். இந்தப் பெட்டியைத் தொட்டாரா என்பது தெரியாது" என்றார்.

அப்படிப்பட்ட பெட்டியை ஏன் கழற்ற வேண்டும்? இங்கே கொஞ்சம் கணக்கு.

அந்தப் பெட்டியில் நான்காவது கியரின் விகிதம் 1. எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் வெளியே போகும் தண்டும் ஒரு சுற்று. அதன்பின் பின் ஆக்சிலில் இன்னொரு குறைப்பு. இவர் காரில் அது 3.73, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் 3.73 முறை சுற்ற வேண்டும். நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்ப இது பிரமாதம். அந்தக் கார்கள் பிறந்ததே கால் மைல் பந்தயத்துக்குத்தான். ஆனால் இன்றைய நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல் போனால் எஞ்சின் நிமிஷத்துக்கு சுமார் 3,350 சுற்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், ஓயாமல். பக்கத்தில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும். பெட்ரோல் முள் கண்ணெதிரே இறங்கும்.

இதற்கு மருந்து அன்றே இருந்தது என்பதுதான் வேடிக்கை. 'ஓவர்டிரைவ்' என்பார்கள். எஞ்சின் ஒரு சுற்று சுற்றுவதற்குள் தண்டு ஒன்றுக்கு மேல் சுற்றும் கியர். 1934-இன் கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ காரிலேயே அது வந்துவிட்டது. நாற்பது ஐம்பதுகளில் பல கம்பெனிகளும் கூடுதல் காசுக்குக் கொடுத்தன. ஆனால் அது சிக்கனக்காரர்கள் வாங்கும் சமாச்சாரம். பெட்ரோல் காலன் 30 சென்ட் சுற்றளவில் விற்றபோது, எந்தப் பையன் நண்பர்கள் முன்னால் "என் காரில் மைலேஜ் கியர் இருக்கிறது" என்று சொல்வான்? ஐசனோவர் 1956-இல் சட்டம் போட்டு நாடு முழுக்க நெடுஞ்சாலை விரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சாலைக்கு ஏற்ற கியர் இல்லாமலே அந்தச் சாலையில் இந்தக் கார்கள் ஓடின.

வீழ்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970-இல் காற்று மாசுச் சட்டம். இளைஞர்களின் பெரிய எஞ்சின்களுக்குக் காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. 1974 ஜனவரி 2-இல் நிக்சன் கையெழுத்திட, நாடு முழுக்க உச்ச வேகம் மணிக்கு 55 மைல். அதே 1974-இல் மன்சி நான்கு கியர் பெட்டியும் நின்றது, ஜிடிஓவும் நின்றது.

அடுத்த வருஷம் வந்த ஒரு சட்டத்தைத்தான் மஸில் கார் ஆசாமிகள் இன்றும் திட்டுவார்கள். கம்பெனி விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் 1985-க்குள் காலனுக்கு 27.5 மைல் ஆக வேண்டும் என்ற சட்டம். வேறு வழியில்லாமல் கம்பெனிகள் ஓவர்டிரைவ் கியரைத் தேடின. போர்க்-வார்னர் டி-5 என்ற ஐந்து கியர் பெட்டியைச் செய்தது. அதுவும் மன்சியில்தான். 1983-இல் அது ஃபோர்டு மஸ்டாங்குக்கு வந்தது. ஐந்தாவது கியர்தான் ஓவர்டிரைவ். சிக்கனத்துக்காக வந்த அந்தப் பெட்டியை, திட்டிய அதே ஆசாமிகள்தான் காயலாங்கடையில் அடிபட்ட மஸ்டாங்குகளிலிருந்து கழற்றி, தங்கள் அறுபதுகளின் கார்களுக்கு மாட்டத் தொடங்கினார்கள். திட்டிய சட்டம்தான் பழைய காருக்கு மறு உயிர் கொடுத்தது. இதை அவரிடம் சொன்னபோது சிரித்தார்; ஒப்புக்கொள்ளவில்லை.

டி-5-க்கு ஒரு பலவீனம். எண்பதுகளின் எட்டு சிலிண்டர் மஸ்டாங் பெட்டி 265 பவுண்டு-அடி முறுக்கு விசைக்கு, பின்னால் 300-க்குச் செய்யப்பட்டது. இவருடைய 396 எஞ்சின் 410 கொடுக்கும். 1970 ஷெவெலில் வந்த 454 எஞ்சின் 500 கொடுக்கும். பல்சக்கரம் பல்லைக் கொட்டிவிடும். 1992-இல் டாட்ஜ் வைப்பருக்காக வந்த டி-56 என்ற ஆறு கியர் பெட்டி பலமானது. ஆனால் உருவம் பெரிது. பழைய காரில் அது உட்கார, தரைத் தகட்டின் நடுவே எழும் மேட்டை வெட்டித் திறந்து புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். நம்மவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. "காரை வெட்ட மாட்டேன். நாளைக்கு என் மகன் பழைய பெட்டியைத் திரும்ப மாட்ட நினைத்தால் நான்கு போல்ட் கழற்றினால் போதும் என்று இருக்க வேண்டும்."

அதனால் அவர் வாங்கியது ட்ரெமெக் கம்பெனியின் டிகேஎக்ஸ். ஐந்து கியர், 600 பவுண்டு-அடி தாங்கும், அடக்கமான உருவம். பழைய கார்களுக்கு மாட்டுவதற்கென்றே செய்தது. முதல் கியர் 2.87, ஐந்தாவது 0.68. பழைய பெட்டியில் முதல் கியர் 2.52. ஆகவே கிளம்பும்போது முன்னைவிட வலு, ஓடும்போது முன்னைவிட நிதானம். அதே 70 மைல் வேகத்தில் 3,350 சுற்று 2,280 ஆகிறது.

ட்ரெமெக் எந்த ஊர்? மெக்சிகோவின் கெரெத்தாரோ. 1964-இல் தொடங்கியது, ஜிடிஓ பிறந்த அதே வருஷம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் போர்க்-வார்னரின் கையியக்க கியர் பெட்டித் தொழிலை, டி-5 உட்பட, விலைக்கு வாங்கிவிட்டது. 2006-இல் மன்சியின் பழைய ஷெவ்ரலே கியர் ஆலை மூடப்பட்டது. 2009-இல் அங்கே போர்க்-வார்னர் ஆலையும் மூடப்பட்டது. அந்த ஊரில் மூன்று தலைமுறை பல்சக்கரம் வெட்டியது. இன்று அந்த ஊரின் பெட்டியைக் கழற்றிவிட்டு மாட்டுகிற பெட்டி மெக்சிகோவிலிருந்து வருகிறது. நான் வகுப்பில் உலகமயமாக்கல் பாடத்துக்கு எத்தனையோ வரைபடம் போட்டிருக்கிறேன். ஒரு கராஜ் மேசையில் இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்துப் பார்த்தது மாதிரி எதுவும் எனக்கே புரிந்ததில்லை. அப்பாவின் ஆலை மூடிய கோபம் இருக்குமே, மெக்சிகோ பெட்டியை எப்படி வாங்க மனம் வந்தது என்று கேட்டேவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு புதுப் பெட்டியின் உள்தண்டைக் கையால் சுற்றிக் காட்டினார். "அப்பா இருந்தால் இதை ஒரு முறை சுற்றிப் பார்ப்பார். சத்தம் கேட்பார். நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்பார். அவருக்குப் பல்சக்கரம் தெரியும்."

மாட்டும் வேலை நான் நினைத்ததைவிட நுணுக்கம். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே மணி வடிவில் ஒரு உறை, 'பெல் ஹவுசிங்' என்று நம் மெக்கானிக்குகளும் சொல்வார்கள். அதன் நடுத்துளை எஞ்சின் தண்டுக்கு நேர் மையத்தில் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துச் சுற்றி அளந்தார். ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பாகத்துக்குள் முள் ஆட வேண்டும். பன்னிரண்டு ஆடியது. பழைய பெட்டி இதைப் பொறுத்துக்கொண்டு 50 வருஷம் ஓடியிருக்கிறது. புதுப் பெட்டி பொறுக்காது, கியர் விழாமல் மல்லுக்கட்டும். மையம் தள்ளிக் கடைந்த ஊசிகளை மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டு நாள் கழித்து நான்குக்குக் கொண்டுவந்தார். டார்ச் பிடித்தது நான்தான் என்பதைப் பெருமையோடு பதிவுசெய்கிறேன். பின்னால் போகும் ஷாஃப்டை அளவெடுத்துப் புதிதாகச் செய்ய வைத்தார். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் மாறியது. ஸ்பீடோமீட்டர் கேபிள் பழையதே.

கியர் குச்சியின் குமிழும் பழையதே. வெள்ளைக் குமிழில் நான்கு கியருக்கான படம் செதுக்கியிருக்கும். ஐந்து போட்ட புதுக் குமிழ் பெட்டியோடு வந்தது. அதை டப்பாவிலேயே வைத்துவிட்டார். இதுதான் வம்பானது. பழைய பெட்டியில் ரிவர்ஸ், இடது பக்கம் முன்னால். புதியதில் அந்த இடத்தில் இருப்பது முதல் கியர். ரிவர்ஸ் வலது பக்கம் பின்னால். முதல் நாள் கராஜிலிருந்து பின்னால் எடுக்கப்போனவர், 50 வருஷப் பழக்கத்தில் கையை இடது முன்னால் தள்ளிக் கிளட்சை விட்டார். கார் முன்னால் பாய்ந்தது. எதிர் அலமாரியில், படுக்கை விரிப்பு சுற்றி, தேதிச் சீட்டு கட்டி வைத்திருந்தது அப்பாவின் பெட்டி. ஒரு சாண் இடைவெளியில் கார் நின்றது. இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதில் என் கட்சி எது என்று சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் நான் எதிர்க்கட்சி. கல்வெட்டு மேல் சுண்ணாம்பு அடிப்பவர்களோடு சண்டை போட்ட ஆள் நான். பழையது பழையபடி இருக்க வேண்டும் என்று வாதாடினேன். அங்கேயும் அப்படி ஒரு பெரிய கட்சி உண்டு. எஞ்சின் எண், பெட்டி எண், கார் எண் மூன்றும் பொருந்தினால்தான் அசல்; விலையும் அதற்குத்தான். அவர் மறுக்கவில்லை. ஒரே ஒரு கணக்குச் சொன்னார். மன்சி இங்கிருந்து சுமார் 250 மைல். அப்பா அம்மா கல்லறை அங்கே. இந்தக் காரில் அங்கே போக வேண்டும் என்பது பல வருஷ ஆசை. ஒரு முறை கிளம்பி, முக்கால் மணி நேரத்தில் மனைவிக்குத் தலைவலி வந்து திரும்பிவிட்டார்கள். அதன்பின் எட்டு வருஷமாக அந்த அம்மாள் இந்தக் காரில் ஏறவே இல்லை. கராஜில் நிற்கிற அசல் வண்டிக்கு எண் பொருந்தும். அப்பா அதை வாங்கியது ஓட்டுவதற்கு. நான் கட்சி மாறிவிட்டேன். ஒரு நிபந்தனையோடு: பழைய பெட்டியை விற்கக் கூடாது. "யார் விற்கப்போகிறார்கள்?" என்று முறைத்தார்.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்களின் ஊர்வலம். 1995-லிருந்து நடக்கிறது. தேர்த்திருவிழாக் கூட்டம்! என்னையும் கூட்டிப்போனார். ஒரு ஆள் குனிந்து உள்ளே பார்த்து, குமிழில் நாலு கியர் இருப்பதைக் கண்டு, "அசல் மன்சியா?" என்று கேட்டார். "வீட்டில் இருக்கிறது" என்றார் இவர். திரும்பும்போது நெடுஞ்சாலையில் ஏறி நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்குத் தள்ளினார். உறுமல் அப்படியே தணிந்தது, தண்ணீர் கொதித்த அடுப்பைச் சிறிசு பண்ணினது மாதிரி. நான் சாதாரணக் குரலில் ஏதோ கேட்டேன், அவரும் சாதாரணக் குரலில் பதில் சொன்னார். அதை இருவரும் ஒரே நேரத்தில் கவனித்தோம்.

அக்டோபர் முதல் வாரம் நான் ஊர் திரும்பிவிட்டேன். அந்த மாதக் கடைசியில் மாப்பிள்ளை வழியாக ஒரு புகைப்படம் வந்தது. கல்லறைத் தோட்ட வாசலில், உதிர்ந்த மஞ்சள் இலைகள் நடுவே கரும்பச்சை ஷெவெல். கீழே ஒரு வரி எழுதியிருந்தார். வழியில் மனைவி தூங்கிவிட்டாளாம்.